கடைக்குக் குளிர்காலம் எத்தனை டிகிரியில் தொடங்குகிறது?

பாரிசின் லாசப்பலில் குளிர்காலம் வருவதை வானிலை அறிவிப்புக்கு முன்பே தேங்காய் எண்ணெய் சொல்லிவிடும். ஆவணியில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வீதிவலம் வந்து, தெருவெங்கும் சிதறுதேங்காய் உடைபட்ட சில வாரங்களில், கடைத் தட்டில் தெளிந்து நின்ற எண்ணெய் போத்தலுக்குள் கலங்கத் தொடங்கும். பிறகு வெள்ளையாக இறுகிவிடும். அப்போது வெளியே 15 டிகிரி இருக்கும். ஸ்நோ விழ இன்னும் மாதக்கணக்கு இருக்கும்.

கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய போபூர் சென் தெனி தெருவிலும், அதன் பக்கத்து ரூ காய், ரூ பெர்தோனே தெருக்களிலும் 1980களிலிருந்து வளர்ந்த தமிழ்க் கடைவீதி இது. பலசரக்கு, மரக்கறி, புடவை, நகை, கொத்துரொட்டி என்று யாழ்ப்பாணத்துச் சந்தையில் கிடைப்பதெல்லாம் இங்கே கிடைக்கும். கட்டடங்களோ பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. வெப்பமண்டலச் சரக்கை குளிர்நாட்டின் பழைய சுவர்களுக்குள் வைத்து விற்க வேண்டும். இந்தக் கடைவீதியின் குளிர்காலச் சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

குளிர்காலத்துக்குக் கடையை ஆயத்தம் செய்வது என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது 0 டிகிரி. ஆனால் கடைக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் குளிர்காலம் வேறு வேறு வெப்பநிலையில் தொடங்குகிறது. தேங்காய் எண்ணெய்க்கு 24, வாழைக்காய்க்கு 13, சில குளிர்பதனப் பெட்டிகளுக்கு 10, தண்ணீர்க் குழாய்க்கு 0-க்கும் கீழே. வெப்பமானியில் படிப்படியாக இறங்கிப் பார்த்தால், எதை எப்போது செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும்.

24 முதல் 19 வரை: எண்ணெய், மாவு, கதவு

தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். இந்த மூலக்கூறுகளின் சங்கிலிகள் வளைவில்லாமல் நேராக இருப்பதால், வெப்பம் குறைந்ததும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. சுமார் 24 டிகிரியில் எண்ணெய் திடமாகிவிடுகிறது. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலானவற்றில் வளைவுகள் உண்டு. அவற்றால் அப்படி அடுக்க முடியாது. ஆகவே அது பாரிஸ் குளிரிலும் ஊற்றும் பதத்திலேயே இருக்கும். உறைந்த எண்ணெய்க்குத் தரக்குறைவு ஒன்றும் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் போத்தலை நிறுத்தினால் போதும். ஆனாலும் இந்த எண்ணெயை மறந்துவிட வேண்டாம். அடுத்த படியில் வாழைக்காயைப் புரிந்துகொள்ள இதே கொழுப்புக் கணக்குத்தான் உதவும்.

சாப்பாட்டுக் கடைக்காரருக்கு முதல் தொல்லை இட்லி மாவு. உளுந்தையும் அரிசியையும் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் 25 முதல் 30 டிகிரி வரையான வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். ஓர் இரவில் பொங்க வேண்டிய மாவு குளிர்ந்த சமையலறையில் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடக்கும். அதற்காகக் கடை முழுவதையும் 27 டிகிரிக்குச் சூடாக்குவது வீண். சட்டமும் விடாது: பிரான்சின் எரிசக்திச் சட்டத் தொகுப்பு, வீடானாலும் அலுவலகமானாலும் மக்கள் வந்துபோகும் கடையானாலும், சூடாக்கலின் சராசரி உச்சவரம்பை 19 டிகிரி என்று வைத்திருக்கிறது. வெப்பம் மாவுக்கு மட்டும் கிடைத்தால் போதும். பிரீசர்கள் உள்ளேயிருந்து உறிஞ்சும் வெப்பத்தைத் தங்கள் பின்புறத்திலோ அடியிலோ வெளியே தள்ளுகின்றன. அந்தக் காற்று வரும் பக்கத்தில், காற்றோட்டத்தை அடைக்காமல், ஒரு மூடிய அலமாரியை அமைத்து மாவுப் பாத்திரத்தை வைத்தால், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மின்சாரமே இரண்டாம் முறை வேலை செய்யும்.

அடுத்தது கதவு. வாடிக்கையாளர் தயங்காமல் நுழையக் கடைக்கதவு திறந்தே கிடக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். பிரான்சில் 2022 அக்டோபர் 5 தேதியிட்ட ஆணை ஒன்று, ஹீட்டரோ ஏசியோ ஓடும் கடையின் கதவைத் திறந்து போடுவதைத் தடுக்கிறது. மீறினால் 750 யூரோ வரை அபராதம். இதன் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. திறந்த கதவின் மேல்பாதி வழியே இலேசான சூடான காற்று வெளியேறும். அதே அளவு கனத்த குளிர்காற்று கீழ்ப்பாதி வழியே நுழைந்து தரையோடு தரையாகப் பரவும். கல்லாவில் நிற்பவரின் தலைமட்டத்தில் 19 டிகிரி இருக்கும்போதே, தரையில் இருக்கும் பெட்டிகளைச் சுற்றிப் பல டிகிரி குறைவாக இருக்கலாம். அந்தப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் காய்கறி.

13: வாழைக்காயின் எல்லை

வாழை, மா, கத்தரி, வெண்டை எல்லாம் உறைபனியையே அறியாத செடிகள். அவற்றின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள சவ்வுகள் கொழுப்பால் ஆனவை. ஊர் வெப்பத்தில் அந்தக் கொழுப்பு நெகிழ்ந்த நிலையில் இருப்பதால்தான் சவ்வு வேலை செய்கிறது. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே அந்த நெகிழ்ச்சி கெடுகிறது. போத்தலுக்குள் எண்ணெய் இறுகிய அதே வகை மாற்றம் இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. சவ்வு ஒழுகுகிறது. தனித்தனி அறைகளில் இருந்த பீனால் பொருள்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் கலந்துவிடுகின்றன. தோல் புகைபிடித்ததுபோல் மங்கிப் பழுப்பாகிறது. காய் பழுக்க வேண்டிய முறையில் பழுப்பதும் இல்லை. அறிவியலார் இதைக் குளிர்க்காயம் என்பார்கள். ஒரு துளித் தண்ணீர்கூட உறையாமலே நேரும் சேதம் இது.

கத்தரிக்காயின் எல்லை சுமார் 10 முதல் 12 டிகிரி. வெண்டைக்காய் இன்னும் கொஞ்சம் தாங்கும். முற்றாத மாங்காய் வாழையைப் போன்றதே. சனவரி மாதத்துப் பாரிசில் பகல் உச்சமே சராசரியாக 7, 8 டிகிரிதான். அதாவது கடைக்கு வெளியே நடைபாதையில் அடுக்கும் வாழைக்குலை, உறைபனி விழாத சாதாரண நாளிலும் அதன் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது.

இந்தக் காயத்துக்கு ஒரு தந்திரம் உண்டு: அது உடனே தெரியாது. விடிகாலையில் ரஞ்சிஸ் மொத்தச் சந்தையிலிருந்தோ ஷார்ல் து கோல் விமான நிலையச் சரக்குப் பகுதியிலிருந்தோ வரும் பெட்டி, கடை திறக்கும்வரை நடைபாதையில் கிடந்தால், அன்றைக்குக் காய் பச்சையாகவே இருக்கும். கருப்பது பின்னால், பல வேளை வெதுவெதுப்பான கடைக்குள் வந்த பிறகு. பழி மொத்த வியாபாரிமேல் விழும். ஐப்பசியிலிருந்தே இரண்டு பழக்கங்கள் வேண்டும்: சரக்கு இறங்கியதும் உள்ளே வர வேண்டும், தரையில் வைக்காமல் மரப் பலகைமேல் ஏற்ற வேண்டும்.

நிலவறையில் வைத்தால் என்ன? பாரிசின் வானாய்வகத்தின் அடியில் சுமார் 28 மீட்டர் ஆழத்தில் ஒரு பாதாள அறை இருக்கிறது. 1783இல் வேதியியலாளர் லவுவாசியே அங்கே ஒரு வெப்பமானியை வைத்தார். கோடையிலும் குளிரிலும் அது ஏறக்குறைய ஒரே அளவையே காட்டியது: 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மண் அவ்வளவு மெல்லச் சூடாகி, அவ்வளவு மெல்லக் குளிர்கிறது. கடைகளின் நிலவறைகள் இரண்டு மூன்று மீட்டர் ஆழந்தான் என்பதால் குளிர்காலத்தில் இதைவிடக் குறையும். உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் அது போதும். வாழைக்கும் மாங்காய்க்கும் பாரிசின் மண்ணே கொஞ்சம் அதிகக் குளிர்.

12: கண்ணாடியில் வழியும் தண்ணீர்

20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. சோறு கொதிக்கும், தேநீர் ஆவி பறக்கும், ஈரமான மேலங்கியோடு ஆட்கள் வந்துபோகும் கடையில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை எளிதில் தொடும். 20 டிகிரியில் அந்த ஈரப்பதம் இருந்தால், 12 டிகிரியோ அதற்கும் குறைவோ உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும்.

வெளியே 0, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் சுமார் 5 டிகிரியில் இருக்கும். அதில் நீர் வழிந்தே தீரும். இன்றைய நல்ல இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் 17 டிகிரிக்குக் குறையாது. அது காய்ந்தே இருக்கும். கண்ணாடியிலாவது கண்ணுக்குத் தெரிகிறது. வெளிச்சுவரின் மூலையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் நடப்பது தெரியாது. சுவரோடு ஒட்டி அடுக்கிய மூட்டை, கடையின் வெப்பம் சுவரை எட்டவிடாமல் மறைக்கிறது. சுவர் இன்னும் குளிர்கிறது, பின்னால் ஈரம் படிகிறது, மாசியில் மூட்டையை இழுத்துப் பார்த்தால் பூஞ்சணம். வெளிச்சுவருக்கும் சரக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுவதே மருந்து. மிளகாய்த்தூளும் அப்பளமும் உட்சுவர்ப் பக்கம் போகட்டும்.

இங்கேதான் ஆபத்தான தவறும் நேர்கிறது. குளிர் நுழைகிறது என்று சுவரின் காற்றுத் துளைகளை அட்டை வைத்து அடைப்பவர்கள் உண்டு. துளையை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். எரிவாயு அடுப்பு உள்ள இடத்தில் அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. காற்றுப் பற்றாக்குறையில் எரியும் சுடரிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் கதவைத் திறந்து வெளியேறி 18 அல்லது 112 அழைக்க வேண்டும். கரி அடுப்பைக் குளிர்காய்வதற்காகக் கடைக்குள் கொண்டுவரவே கூடாது.

10: குளிரில் கெடும் குளிர்பெட்டி

குளிர்காலத்தில் பிரீசருக்கு வேலை குறைவு, ஆகவே கவலையும் குறைவு என்று நினைப்போம். பின்கட்டில் இருக்கும் சில பெட்டிகளுக்கு நடப்பது நேர்மாறானது.

மேலே பிரிட்ஜ், கீழே பிரீசர் என்று இருக்கும் எளிய பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரே கம்ப்ரசர், ஒரே தெர்மோஸ்டாட். அந்த தெர்மோஸ்டாட் இருப்பது பிரிட்ஜ் பகுதியில். அங்கே 4, 5 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் கம்ப்ரசர் ஓடும். சூடாக்காத பின்கட்டு 6 டிகிரிக்கு இறங்கிவிட்டால் பிரிட்ஜ் பகுதி தானாகவே குளிர்ந்திருக்கும். கம்ப்ரசர் ஓடத் தேவையே எழாது. ஆனால் பிரீசருக்கு வேண்டியது −18. கம்ப்ரசர் உறங்க, பிரீசர் மெல்லச் சூடேறி, இறாலும் கணவாயும் இளகத் தொடங்கும். கடும் குளிரில் உறைந்த மீன் உருகிப்போகும் விந்தை இப்படித்தான்.

பெட்டியின் உள்ளே ஒட்டிய விவரச் சீட்டில் எஸ்என், என், எஸ்டி, டி என்று ஓர் எழுத்துக் குறி இருக்கும். எஸ்என் என்றால் சுற்றுப்புறம் 10 முதல் 32 டிகிரி வரை. என் என்றால் 16 முதல் 32. எஸ்டி 16 முதல் 38. டி 16 முதல் 43. வெப்பநாட்டுக்கென்று செய்த பெட்டியைக் குளிர்ந்த பின்கட்டில் வைத்தால் அதன் கணக்குக் குழம்பும். தனி பிரீசரில் தெர்மோஸ்டாட் உறைபகுதியிலேயே இருப்பதால் இந்தக் கோளாறு நேராது. ஆனாலும் மிகுந்த குளிரில் கம்ப்ரசரின் எண்ணெய் தடிக்கும், கிளம்பத் தடுமாறும். கார்த்திகைக்குள் சீட்டைப் படித்து, இடம் மாற்ற வேண்டியதை மாற்றிவிடலாம்.

0 முதல் −7 வரை: குழாய்

இப்போதுதான் எல்லாரும் அஞ்சும் இடத்துக்கு வருகிறோம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். அதனால் பனிக்கட்டி குழாயின் சுவரைத் தள்ளி உடைக்கிறது என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பு உருவாகிறது. அது நீளத்தில் வளர வளர, அடைப்புக்கும் திருகி மூடிய பைப்புக்கும் இடையே சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறுகிறது. வழக்கமாக மூன்று நான்கு பார் இருக்கும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார்களைத் தொடும்போது குழாய் வெடிக்கிறது. வெடிக்கும் இடம் பனிக்கட்டி இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. பைப்பை இலேசாகத் திறந்து நூலாக ஒழுகவிடுவதன் பயன் இங்கே தெரிகிறது: ஓடும் தண்ணீர் கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுவரும் என்பதோடு, சிக்கிய தண்ணீருக்கு வெளியேற வழியும் கிடைக்கும்.

0 டிகிரி வந்ததும் குழாய் உறைந்துவிடுவதும் இல்லை. பனிப்படிகம் தோன்ற ஒரு கரு வேண்டும். அது அமையும்வரை தண்ணீர் 0-க்குக் கீழேயும் திரவமாகவே சில டிகிரி இறங்கும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வாளர்கள் 1990களில் செய்த சோதனைகளில், சூடாக்காத இடத்தில் காப்பு இல்லாமல் ஓடும் குழாய்களுக்கு ஆபத்து தொடங்கும் வெளிவெப்பநிலை சுமார் −7 டிகிரி என்று கண்டார்கள். நகரத்துக் கட்டடங்கள் இரவில் வெளிவிடும் வெப்பத்தால் பாரிசின் உட்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஆகவே −7 அடிக்கடி வருவதில்லை. வந்தால் தாண்டியும் போகும்: 1985 சனவரி 17 அன்று மோன்சூரி வானிலை நிலையத்தில் −13.9 பதிவானது. 1879 திசம்பர் 10 அன்று −23.9.

லாசப்பல் கடைகளில் பலவற்றுக்கு நீர்மானியும் பிரதான வால்வும் நிலவறையில் இருக்கும். மண்ணுக்குள் இருக்கும் அறை உறைபனியை எளிதில் எட்டாது. வம்பு வருவது தெரு மட்டத்தில் இருக்கும் காற்றுச் சாளரத்தின் வழியே. அதன் நேர் எதிரே ஓடும் ஒரு மீட்டர்க் குழாய்தான் முதலில் உறையும். காற்று வீசுவதால் குழாய் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடாது, ஆனால் அந்த வெப்பநிலைக்கு வெகு விரைவில் இறங்கிவிடும். சாளரத்தை முழுக்க அடைத்தால் நிலவறை ஈரத்தில் ஊறும். ஆகவே குழாய்க்கு நுரை உறை போட வேண்டும். உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இழப்பைத் தாமதிக்கிறது. கடை தினமும் திறந்து தண்ணீர் ஓடினால் ஓர் இரவைக் கடக்க அந்தத் தாமதம் போதும்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போக இரண்டு வாரம் கடையைப் பூட்டுபவருக்கு அது போதாது. பிரதான வால்வை மூடி, பைப்புகளைத் திறந்து, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உறைபனியால் வரும் சேதத்தைக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவும், சூடாக்காமல் பூட்டிக் கிடக்கும் இடத்தில் இப்படித் தண்ணீரை வடித்திருந்தால்தான் ஏற்கும். உறைந்த மீனும் காய்கறியும் இல்லாத கடையானால் ஹீட்டரை அணைக்காமல் உறைபனித் தடுப்பு நிலையில், பொதுவாக 7 டிகிரியளவில், விட்டுப் போகலாம்.

உறைந்துவிட்டது என்று தெரிந்தால் முதல் வேலை வால்வை மூடுவது. வெடிப்பு இருந்தால் அது பனிக்கட்டி உருகிய பிறகே ஒழுகும். அடுத்து பைப்பைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்க வேண்டும். தீச்சுடர் வேண்டவே வேண்டாம்.

−21: உப்பு, நடைபாதை, கூடாரத்துணி

ஸ்நோ விழுந்த நாளில் கடை முன்னுள்ள நடைபாதையைக் கூட்டி வழி விடுவது அங்கே குடியிருப்போர், கடை வைத்திருப்போர் கடமை. முதலில் கூட்ட வேண்டும், பிறகுதான் உப்பு. உப்புக் கரைசல் 23 விழுக்காட்டுச் செறிவில் −21 டிகிரி வரை உறையாது என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. தெருவில் உருகும் தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்வதால், சுமார் −7, −8 டிகிரிக்குக் கீழே உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். கனமாகக் கிடக்கும் ஸ்நோமேல் கொட்டினால் அத்தனையையும் உருக்க மூட்டை மூட்டையாக வேண்டும். கூட்டிய பிறகு எஞ்சும் மெல்லிய படலத்துக்கு ஒரு கைப்பிடி போதும். கடுங்குளிரில் உப்பைவிட மணல் மேல்: உருக்காது, ஆனால் காலுக்குப் பிடிமானம் தரும். சுடுதண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடாது. அது பரவி, ஆறி, முன்பைவிட வழவழப்பான தகடாக உறையும்.

கடை முகப்பில் விரியும் கூடாரத்துணியை முந்தின இரவே சுருட்டிவிட வேண்டும். புதிதாய் விழுந்த ஸ்நோ 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சதுர மீட்டருக்கு 10 கிலோ வரை வரும். ஈரமாகிவிட்டால் 30 கிலோவைத் தொடும். நான்கு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீட்டம் உள்ள துணியின்மேல் அது 240 கிலோ. 2018 பிப்ரவரியில் பாரிசில் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஸ்நோ விழுந்தது நினைவிருக்கலாம். 2001 முதல் பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்ஸ் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வரைபடம் வெளியிடுகிறது. ஆரஞ்சு வந்தால் துணியைச் சுருட்ட இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள்.

எதற்கு எவ்வளவு கவலை?

படிகளில் இறங்கி முடித்ததும் ஒரு கணக்குத் தெளிவாகிறது. மேல்படிகளின் நட்டம் சிறியது, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருகிறது: கருத்த வாழைக்காய், பொங்காத மாவு, பூஞ்சணம் பிடித்த மூட்டை. கீழ்ப்படியின் நட்டம் பத்தாண்டுக்கு ஒருமுறை வரலாம், ஆனால் வந்தால் ஒரே இரவில் கடையை நனைத்துவிடும். முன்னதற்கு மருந்து கடைக்காரர் கையிலேயே இருக்கிறது: குறைந்த, உயர்ந்த அளவுகளைப் பதிந்து வைக்கும் சில வெப்பமானிகளைத் தரை மட்டத்திலும், பின்கட்டிலும், வெளிச்சுவர் மூலையிலும், நிலவறைச் சாளரத்துக்கு எதிரிலும் வைத்துவிட்டால், ஒரே குளிர்காலத்தில் தன் கடையின் பலவீனம் எங்கே என்று தெரிந்துவிடும்.

பின்னதற்குக் கடைக்காரர் தனியாகப் போதாது. நிலவறைக் குழாய் பல வேளை பக்கத்துக் கடைகளுக்கும் மேல்மாடி வீடுகளுக்கும் பொது. பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தால் உறைவது அவர் பக்கம், நனைவது உங்கள் பக்கமாக இருக்கலாம். கட்டட நிர்வாகிக்குக் கடிதம் எழுதி, குழாய்க்கு உறை போடச் சொல்லி, வால்வு எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று எல்லாக் கடைகளும் அறிந்துகொள்ள ஆவணி, புரட்டாசியே சரியான காலம். −7 வந்த இரவில் நிலவறைச் சாவிக்காக ஆள் தேடுவதைவிட, எண்ணெய் உறையும் வாரத்தில் அந்தக் கடிதத்தை எழுதுவது எளிது.